கூடுதல் தட்டு

பேய் வருகிற கதையை எங்கள் வேனில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். அது தெரியாமல் நான் ஆரம்பத்தில் வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், பாழடைந்த பங்களா என்று உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கொட்டாவி விட்டாள்.

"வெள்ளச் சேலையக் கட்டிக்கிட்டு நம்ம ரூம்ல அவ ஒரு மணி நேரம் உக்காரட்டும். அப்புறம் யாரு யாரப் பாத்துப் பயப்படுதாகன்னு பாப்போம்" என்றாள்.

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. வாசிக்கிறவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

சித்தி என்றால் சொந்தச் சித்தி இல்லை. வேனில் வருகிற எல்லாருக்கும் அவள் சித்திதான். எங்கள் கம்பெனியில் பத்துத் தீபாவளிக்கு மேல் பார்த்தவள். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. நாங்கள் வேலை பார்த்தது ஏழாயிரம்பண்ணையைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். எனக்கும் சித்திக்கும் மருந்து செலுத்துகிற வேலை. காலிக் காகிதக் குழாய்களை வட்டமாக அடுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். அதன் மேல் மருந்தைக் கொட்டி, உள்ளங்கையால் தடவித் தடவி ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இறக்க வேண்டும். மருந்து என்றால் வெடிமருந்து. அந்த முதல் பாதியை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். அலுமினியப் பவுடர் கலந்த மருந்து என்பதால் சாயங்காலம் திரும்பும்போது முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளி பூசிய மாதிரி மினுங்கும். வேன் டீக்கடையில் நின்றால் வெளியூர்ப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து அழும். "ஒண்ணுமில்லடா, பட்டாசுக்காரக" என்று அம்மாக்கள் சமாதானம் சொல்வார்கள். இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து பெண்களை உட்கார வைத்து வெள்ளைச் சேலையைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்தது என் அறியாமைதான்.

நான் வாசிக்கிறவள் ஆனது பன்னிரண்டாவது வரைக்கும் படித்ததால். மேலே படிக்காததற்கு வழக்கமான காரணம்தான். அதைச் சொல்லி உங்களையும் கொட்டாவி விட வைக்க மாட்டேன். புத்தகங்கள் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. கம்பெனியில் குழாய் சுற்றுகிற கொட்டகைக்கு மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் வரும். பரீட்சைத் தாள், நோட்டீஸ், பேப்பர், சிவகாசி அச்சகங்களில் கழித்துப் போட்டது என்று எல்லாமே அதில் இருக்கும். அதற்குள் மாத நாவல்களும் கதைப் புத்தகங்களும் வரும். கிழித்துச் சுற்றுவதற்கு முன்னால் நான் போய்ப் பொறுக்கிக்கொள்வேன். குழாய்க்காரப் பெண்கள் தடுக்க மாட்டார்கள். "அட்டைய மட்டும் குடுத்துரு, அது சுத்த வராது" என்பார்கள். நான் அட்டையோடு எடுத்துக்கொள்வேன்.

பேய் எடுபடாது என்று தெரிந்த பிறகு நான் வேறு மாதிரிக் கதைகளைத் தேடினேன். பேயே வராது, ஆனால் பயம் வரும். ஒரு ஆள் தன் வீட்டுச் சாவியால் பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து பார்க்கிறான், திறக்கிறது. அடுத்த வீடும் திறக்கிறது. தெரு முழுக்கத் திறக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவன் தன் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. இன்னொன்றில் ஒருத்தி புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். உள் அறையில் அவன் குறட்டை விடுகிற சத்தம் கேட்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவன் "ரசம் ஊத்து" என்கிறான்.

இதற்குச் சித்தி கொட்டாவி விடவில்லை. "ஊத்துனாளா?" என்றாள்.

"ஊத்துனா."

"ஊத்தத்தானே வேணும், என்ன செய்ய?" என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வேன் கம்பெனி கேட்டுக்குள் நுழைகிற வரைக்கும் ஒரு பேச்சும் இல்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இந்த மாதிரிக் கதைகளை மனுஷர்கள் ஏன் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன், அதனால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வேனில் தெரிந்துகொண்டது மட்டும்தான். மருந்து ரூமில் பயம் என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று ஒருத்தி சொன்னால் போதும், "வாய வைக்காதட்டி" என்று மற்றவர்கள் பாய்வார்கள். சொன்னால் நடந்துவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் உறுதி. ஆகவே காலையிலிருந்து சாயங்காலம் வரை பயத்தை மென்று முழுங்கிக்கொண்டு சினிமா, சீட்டு, மாமியார் என்று பேசிக்கொண்டிருப்போம். கதையில் வருகிறவளுக்காகப் பயப்படுவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அவள் பெயரைச் சொல்லி எல்லாரும் தாராளமாகப் பயந்துகொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பேய் வெளியிலிருந்து வருவது. எங்களுக்குத் தெரிந்த ஆபத்து வெளியிலிருந்து வருவதில்லை. கை கொஞ்சம் அழுத்தித் தடவிவிட்டால் போதும். அந்தக் கை நம்முடையதுதான். தன் வீடு, தன் கை, தன் புத்தி இதுகளையே நம்ப முடியாமல் போகிற கதை என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

எங்கள் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரூமும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருக்கும். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். உள்ளே செருப்புப் போடக் கூடாது, உரசும் என்று. சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கும்: இந்த அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. எங்கள் ரூமில் நான், சித்தி, ஒரே தெருவிலிருந்து வருகிற ஒரு அக்கா தங்கச்சி. நாலு பேர், நாலு பலகை. சட்டம் போட்டவர்கள் வந்து பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள்.

சீசன் சூடுபிடித்ததும் ஐந்தாவது ஆள் வந்தாள்.

எல்லா ரூமுக்கும் அப்படித்தான். தீபாவளிக்கு ஆர்டர் நிற்கிறது, லோடு ஏற்ற லாரி நிற்கிறது, நாலு பேரால் என்ன முடியும்? ரூமுக்கு ஐந்தாவது ஆள், சில ரூமுக்கு ஆறாவது ஆள். எங்களுக்கு வந்தவள் தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. புருஷன் திருப்பூர் போனவர் போனவர்தான். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். பலகை இல்லாததால் சாக்கை மடித்துப் போட்டுப் பின்வாசல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். அதிகம் பேச மாட்டாள். சம்பளம் சனிக்கிழமை கையில் வரும், பேர் எங்கேயும் ஏறாது. "சீசன் முடியட்டும், ஏத்திருவோம்" என்று போர்மேன் அண்ணாச்சி சொல்லியிருந்தார். சீசன் முடிந்தால் ஆளே வேண்டாம் என்பதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சோதனை போட அதிகாரிகள் வந்தால் இந்தக் கூடுதல் ஆட்கள் மறைய வேண்டும். அதற்கு ஒரு குரல் உண்டு. கேட்டில் ஜீப் தெரிந்ததும் வாட்ச்மேன் ஆரம்பித்து ரூம் ரூமாகக் கைமாறி வரும்: "மாப்ள வீட்டாக வாராக!" உடனே கூடுதல் ஆட்கள் எல்லாரும் பின்வாசல் வழியாக இறங்கிப் போய், காய்ந்த ஓடைக்குள் சீமைக்கருவேல மரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள். போகும்போது இரண்டை மறக்கக் கூடாது, சாப்பாட்டுத் தூக்கும் செருப்பும். அதிகாரிகள் ஆளை எண்ணுவதற்கு முன் வாசலில் கிடக்கிற செருப்பைத்தான் எண்ணுவார்கள் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. அதனால் கூடுதல் ஆட்கள் செருப்பைப் பின்வாசலில்தான் விட வேண்டும். ஒருதடவை ஆறாவது ரூம்காரி செருப்பை மறந்துவிட்டு ஓடிப்போய், அவளுக்கு விழுந்த திட்டு ஊருக்கே கேட்டது. ஜீப் போன பிறகு "மாப்ள வீட்டாக போயிட்டாக!" என்று குரல் வரும். முள்ளைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பி வந்து வேலையைப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. "ஏட்டி, ஒன்னயப் புடிச்சிருக்குன்னு சொன்னாகளா?" என்று சித்தி அந்த அக்காவைக் கேலி செய்வாள். அவளும் சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் மூட்டையிலிருந்து ஒரு கதை கிடைத்தது. எழுதியவர் பேர் இல்லை, அட்டை இல்லை. அதை நான் வேனில் வாசித்தேன்.

ஒரு வீடு. புருஷன், மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், அந்த வீட்டு மருமகள். ராத்திரி சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவும்போது ஒரு தட்டு கூடுதலாக இருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டாக எடுத்திருக்கும் என்று விட்டுவிடுகிறாள். மறுநாளும் ஒரு தட்டு கூடுதல். சோறு தின்ற தட்டு, முருங்கைக்காய்ச் சக்கையெல்லாம் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறது. யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. அடுத்த நாள் தானே பரிமாறி, ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, ஒவ்வொரு ஆளாகப் பார்த்து நிற்கிறாள். எல்லாரும் சரியாக இருக்கிறார்கள். ஆனாலும் கழுவப் போனால் ஒன்று கூடுதல். தூக்கம் போகிறது. வீட்டுக்குள் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று சொல்கிறாள்; புருஷன் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். ஒருநாள் பொறுக்க முடியாமல் எல்லாரையும் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து, "நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்" என்கிறாள். மாமனார் விரலை நீட்டி எண்ணத் தொடங்குகிறார்.

அதோடு சரி. மிச்சப் பக்கம் இல்லை.

வேன் கொதித்துப் போனது. கடைசிப் பக்கம் இல்லாத கதையை எதற்கு எடுத்தாய் என்று எல்லாரும் என் மேல் பாய்ந்தார்கள். அப்புறம் ஆளாளுக்கு முடிவு சொன்னார்கள். பரணில் திருடன் இருக்கிறான் என்றாள் அக்கா. புருஷனுடைய சின்ன வீடு ராத்திரி வந்து தின்றுவிட்டுப் போகிறது என்றாள் தங்கச்சி. "மாமியாதான். ரெண்டு தட்டுல திங்கா" என்று சித்தி அடித்துச் சொன்னாள். சித்தியின் மாமியாரை எங்களுக்குத் தெரியும் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

பின் சீட்டிலிருந்து அந்தப் புது அக்கா சொன்னாள்: "அந்தப் பொம்பளதான் கூடுதலு."

"எவ?"

"தட்டு கழுவுதால்ல, அவ. எல்லாரையும் எண்ணுதா. அவள அவ எண்ணல. மாமனாரும் எண்ண மாட்டாரு, பாருங்க. அந்த வீட்டுக் கணக்குல அவ இல்ல. ஆனா சோறு தின்னுருக்காள்ல, அதான் தட்டு கெடக்கு."

நான் தாள்களை மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். இவ்வளவு கதை வாசித்திருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே என்று எரிச்சல் வந்தது.

இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள். "கணக்குல இல்லேன்னு தெரிஞ்சதும் அவ எங்கயாச்சும் போயிருவா. அதுக்கப்புறம் அவள யாராச்சும் தேடுவாகளா?"

"பக்கம் இல்லையே அக்கா."

"கெடச்சாச் சொல்லு" என்றாள்.

அதன் பிறகு தினமும் கேட்டாள். காலையில் வேன் ஏறியதும் மற்றவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், அவள் "பக்கம் கெடச்சுதா?" என்பாள். எனக்கே வெறி பிடித்துவிட்டது. சோற்று நேரத்தில் குழாய்க் கொட்டகைக்குப் போய் மூட்டைகளைக் கிளறினேன். "அந்தப் பக்கம் இந்நேரம் குழாயாப் போயி, நீயே மருந்து செலுத்தியிருப்ப" என்று குழாய்க்காரிகள் சிரித்தார்கள். அது நடந்திருக்கக் கூடியதுதான். எங்கேயோ ஒரு தெருவில் தீபாவளியன்று அந்தக் கதையின் முடிவு சுக்கல் சுக்கலாகக் கிடந்திருக்கும். கூட்டித் தள்ளியிருப்பார்கள்.

அது நடந்த நாளில் வெயில் சுள்ளென்று இருந்தது. பட்டாசு காயப்போடுகிற மேடைப் பக்கம் சத்தம் கேட்டது. சத்தம் என்று எழுதுகிறேன். காதில் விழவில்லை, நெஞ்சில்தான் விழுந்தது. எங்கள் வேலையில் இதற்கு ஒரே பாடம்தான்: போட்டது போட்டபடி, பக்கத்தில் இருக்கிற வாசல் வழியாக, திரும்பிப் பார்க்காமல் ஓடு. நாங்கள் நாலு பேரும் முன்வாசல் வழியாக வெறுங்காலோடு ஓடினோம். முள்ளும் சரளையும் குத்தியது பிறகுதான் தெரிந்தது. கேட்டுப் பக்கத்துப் புளியமரத்தடியில் போய் நின்று மூச்சு வாங்கினோம். எங்கள் கண்முன்னால் மேடையிலிருந்து பொறி பறந்து வந்து, கொஞ்ச நேரத்தில் எங்கள் ரூம் போனது. கூரை மேலே எழும்பியதைப் பார்த்தேன். பிறகு ரூம் இருந்த இடத்தில் புகை மட்டும் இருந்தது.

அண்ணாச்சி ஓடி ஓடி எண்ணினார்.

"மூணாவது ரூமு?"

"நாலு பேரும் வந்துட்டோம் அண்ணாச்சி."

"நாலாவது ரூமு?"

"நாலு பேரும் இருக்கோம்."

"அஞ்சாவது ரூமு?" அது எங்கள் ரூம். சித்தி எங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாலும் இருக்கோம் அண்ணாச்சி, நாலும் இருக்கோம்" என்று சாமி கும்பிட்டாள். அக்காவும் தங்கச்சியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

யாரும் பொய் சொல்லவில்லை. எத்தனை மாதமாக, யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும் நாலு என்று சொல்லிச் சொல்லி எங்கள் வாய்க்கு அதுதான் வரும். எல்லா ரூமும் நாலு சொன்னது. கணக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, போலீஸ் வந்தது, அதிகாரி வந்தார். "ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல சார். ரூமுக்கு நாலு பேரு, எல்லாரும் வெளிய வந்தாச்சு" என்று அண்ணாச்சி சொன்னார். அதிகாரி நிம்மதியாகத் தொப்பியைக் கழற்றிக் காற்று வாங்கினார்.

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குத் தட்டு நினைவுக்கு வந்தது. இதைத் தைரியம், மனசாட்சி என்று யாரும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கதை படித்த கெட்ட பழக்கம், அவ்வளவுதான். எல்லாரும் தின்று கைகழுவிவிட்டார்கள், கணக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு தட்டு கூடுதல். சாக்கை மடித்துப் போட்டுப் பின்வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள் எங்கே? ரூம் இருந்த இடத்தைப் பார்த்தேன்.

"அஞ்சு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். "எங்க ரூம்ல அஞ்சு பேரு!"

"என்னம்மா ஒளறுத? நாலுதானே" என்றார் அண்ணாச்சி. அதிகாரியிடம் திரும்பி, "பயத்துல பேசுது சார். சின்னப் புள்ள" என்றார்.

அதிகாரி என்னிடம் வந்தார். "அந்த அஞ்சாவது ஆள் பேர் என்ன?"

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி அக்காவைப் பார்த்தாள். அக்கா தங்கச்சியைப் பார்த்தாள். ஐந்தாவதாக வந்தவளை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சித்தி ஏட்டி என்று கூப்பிடுவாள். அவள் மகள் எந்தப் பள்ளிக்கூடம், அவளுக்குக் கத்தரிக்காய் ஆகாது, எல்லாம் தெரியும். பேர் தெரியாது.

"ஒரே ரூம்ல வேலை பாக்குறீங்க, பேர் தெரியாதா?"

"அதான் சார் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. "பேரே இல்லாத ஆளு எப்படி சார் இருக்கும்?"

அப்போது சித்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பத்துத் தீபாவளியில் எத்தனையோ பார்த்தவள், அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வெள்ளி முகத்தில் கண்ணீர் இரண்டு கறுப்புக் கோடாக இறங்கியது. "இருக்கா சார். எங்க கூடத்தான் வந்தா. எங்க கூடத்தான் வேன்ல ஏறுனா. பின்வாசல்ல உக்காந்திருந்தா சார்" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

தீயணைப்புக்காரர்கள் ரூம் இருந்த இடத்துக்கு ஓடினார்கள். தண்ணீர் அடித்து, கம்பியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை என்று ஒருவர் வந்து சொன்னார். எடுத்துப் புதைக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை என்றுதான் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் அர்த்தம். நான் அழக்கூட இல்லை.

பிறகு ஒருவர் கை நீட்டினார். "ஓடைக்குள்ள யாரோ இருக்காங்க."

சீமைக்கருவேலம் அசைந்தது. அவர்கள் கம்பால் கிளைகளைத் தட்டிக்கொண்டே இறங்கினார்கள். "யாரும்மா உள்ள? வெளிய வாங்க, ஒண்ணும் ஆகாது!" அசைவு நின்றது. இவர்கள் இன்னும் கிட்டே போனார்கள். அசைவு இன்னும் உள்ளே போனது. கூப்பிடக் கூப்பிட உள்ளே போனது. காக்கி உடுப்பும் கம்பும் கூச்சலுமாகத் தேடி வருகிறவர்களிடம் எங்கள் ஆட்கள் எப்படி வருவார்கள்?

சித்திக்குத்தான் புரிந்தது. மண்ணிலிருந்து எழுந்து, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஓடைக் கரைக்குப் போய், உயிர் போகிற மாதிரிக் கத்தினாள்:

"மாப்ள வீட்டாக போயிட்டாக!"

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு முள்ளை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். அது ஆறாவது ரூம்காரி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் மூணாவது ரூமில் கூடுதலாக இருந்த இரண்டு பேர். ஓடையிலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளி முகம், ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. நாங்கள் உயிருக்குப் பயந்து வெறுங்காலோடு ஓடி வந்திருந்தோம். அவர்கள் அத்தனை பேர் காலிலும் செருப்பு இருந்தது. வெடித்துக்கொண்டிருக்கும்போது நின்று செருப்பை எடுத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் அதிகாரிகள் வருவார்கள், அதிகாரிகள் வந்தால் செருப்போடு ஓடைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குப் படிந்திருந்தது. அதிகாரி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார்.

எங்கள் அக்கா கடைசியாக வந்தாள். முழங்கையில் முள் கிழித்திருந்தது. சித்தி ஓடிப்போய் அவளை அடித்தாள். இரண்டு மூன்று அடி நன்றாகவே விழுந்தது. பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். சீசன் போனது, போனஸ் போனது. ஐந்து என்று கத்திய என் வாயைப் பற்றி எங்கள் தெருவில் நல்லதாக யாரும் பேசவில்லை. கொஞ்ச காலம் கழித்துக் கம்பெனி திறந்தது. சுவரில் சிவப்புப் பெயிண்டைப் புதிதாக அடித்திருந்தார்கள். அடுத்த சீசனுக்கு ரூமுக்கு ரூம் ஐந்தாவது ஆள் வந்தாள். நான் போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குத் திரும்பி வருகிறேன். வேன் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கதை வாசி என்று யாரும் சொல்லவில்லை. சித்தி வழக்கம் போல ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் முதல் வேலையாக அவள் பேரைக் கேட்டேன். சொன்னாள். நல்ல பேர்.

"அவுக கூப்பிட்டது ஒங்களுக்குக் கேக்கலையா அக்கா?"

"கேட்டுச்சு. அம்புட்டும் கேட்டுச்சு. நீ அஞ்சுன்னு கத்துனதும் கேட்டுச்சு. சித்தி அழுததும் கேட்டுச்சு." ஏதோ சந்தைக்குப் போய்வந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "கம்பால தட்டிக்கிட்டே வந்தாக. இந்தா, இந்தத் தூரத்துல ஒரு காலு. நான் மூச்ச அடக்கிக்கிட்டேன்."

"எதுக்கு அக்கா? ஒங்களத்தானே தேடுனாக."

அவள் செருப்பில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கினாள். பிறகு, "அந்தக் கடைசிப் பக்கத்த இனிமே தேடாத" என்றாள்.

"ஏன்?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவளத் தேடத்தான் செய்வாக. வீட்டாளுக எல்லாரும் அழுதுக்கிட்டே தேடுவாக." முள்ளை வெளியே வீசினாள். "அவதான் வர மாட்டா."

சித்தி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.